சுல்தானுக்குத் தண்ணீர்

செங்கல்பட்டு கால்நடை மருத்துவமனையில், தெருநாய்கள் குதறிப்போட்ட எங்கள் வான்கோழி சுல்தானுக்கு மகள் நஸ்ரின் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தாள். என் கை தானாக என் கழுத்தைத் தடவிக்கொண்டது.

என் சின்ன வயதில், மாமல்லபுரத்து வீட்டில் அத்தா கோழி அறுப்பதற்கு முன் அதற்குத் தண்ணீர் காட்டுவார். கிணற்றடிக் கல்லின் பாசி வாசனை, அலுமினியக் கிண்ணத்தில் அலகு தட்டும் ஓசை, அப்புறம் மெதுவாக ஒரு பிஸ்மில்லா. தாகத்தோடு எந்த உயிரும் போகக் கூடாது என்பார். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது அதே கிண்ணத்தை நீட்டினார். போர்வைக்குள் புகுந்து அலறி ஊரையே கூட்டிவிட்டேன்.

"டேய், உன்ன அறுத்தா ஒரு சட்டிக்குக்கூடத் தேறாது. குடி" என்றார் அத்தா.

"முதுகெலும்பே போச்சு சார். ஊசி போட்டுடலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

மைத்துனன் என் காதருகே வந்தான். "உசுரு கீறப்பவே அறுத்துடலாம் மச்சான். ஊசி போட்டா வீணாப் பூடும்."

"இத்த நீ துன்னுவியா மாமா? உன் பைக் சத்தம் கேட்டாலே ஓடியாருமே!" என்று நஸ்ரின் சீறினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கத்தியா, ஊசியா, எது இரக்கம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சுல்தான் நடுங்கிக்கொண்டிருந்தது.

"போடுங்க டாக்டர்" என்றேன். மகளை வெளியே போகச் சொன்னேன். அவள் அதன் தலையைப் பிடித்தபடி நகரவே இல்லை.

நான்தான் போனேன்.