டேங்க் மூடியில் நான் கட்டிய கட்டு

என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாவது மாதம், ஐயம்பேட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் பட்டுச் சாயப் பட்டறையில் டீசல் சீக்கிரம் தீர ஆரம்பித்தது. இன்ஜினை ஓட்டுவது என் கொழுந்தனார். வேறு யார்மேல் எனக்குச் சந்தேகம் வரும்? கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது, அதனால் இன்ஜின் கூடுதல் நேரம் ஓடுகிறது என்பதெல்லாம் அப்போது என் புத்தியில் ஏறவில்லை. அண்ணன் போய்விட்டான், இனி பட்டறை தனக்குத்தான் என்று நினைக்கிறார் போலும் என்றுதான் பட்டது.

அது படகு இன்ஜின். காசிமேட்டில் ஒரு பழைய விசைப்படகைப் பிரித்தபோது என் வீட்டுக்காரர் வாங்கி வந்து கிணற்றுப் பம்போடு மாட்டினார். டீசல் டேங்க் மட்டும் பக்கத்து சாமான் அறையில், சுவரில் உயரமாக இருந்தது. மூடியில் கடுகளவு ஓர் ஓட்டை. அதில் ஊசி விட்டு டீசல் எடுப்பார்களோ என்றுகூட யோசித்தேன், பாருங்கள்! பட்டு நூலில் சாயம் ஏறக் கூடாத இடத்தைச் சைக்கிள் டியூப்பால் சுற்றி இறுக்குவோம். ஒரு சொட்டு உள்ளே போகாது. மூடியையும் ஓட்டையையும் சேர்த்து அதே மாதிரி கட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இனி டீசல் நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே இன்ஜின் தன் வேலையைக் காட்டியது. கால் மணி நேரம் ஓடும், இருமும், நின்றுவிடும். நான் போய்க் கட்டை அவிழ்த்து, உஸ்ஸென்று வரும் சத்தத்தைக்கூடக் காதில் போட்டுக்கொள்ளாமல், டீசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். அவர் டீசல் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வார். ஓடும். மறுபடி கால் மணி நேரம்தான். ஃபில்டரை மாற்றினார், இன்ஜெக்டரைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தார். அவர் வேர்வையைத் துடைக்கும்போதெல்லாம், ஆகா, என்னமாய் நடிக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திருட வழியில்லை, அந்தக் கடுப்பில் கெடுக்கிறார்.

அலசும்போது பாதியில் தண்ணீர் நின்றதால் அரக்குப் பட்டு திட்டுத்திட்டாகப் போனது. எங்களுக்கு நூல் தரும் முதலாளி, "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா வேற பட்டறைதாம்மா பாக்கணும்" என்றார். அவர் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். நேரே கொழுந்தனாரிடம் போனேன்.

"ஏன் தம்பி, நான் பட்டறைய மூடணும்னுதானே இன்ஜின நிறுத்திக்கினு இருக்கீங்க?"

ஸ்பேனரோடு அப்படியே நின்றார். "இன்னா அண்ணி இப்படிக் கேக்கறீங்க? காசிமேட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். டேங்க்குக்குள்ள காத்து போவுதான்னு பாக்கச் சொல்றாரு. சாவி குடுங்க."

சாவிக்கு அடி போடுகிறார் என்று, நானே போய் அறையைத் திறந்துவிட்டுக் கூடவே நின்றேன். ஸ்டூலில் ஏறியவர் கட்டைப் பார்த்ததும் நின்றார். ஒரு சுற்றுப் பிரித்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"காத்து போனாத்தான் அண்ணி டீசல் எறங்கும். அதுக்குத்தான் இந்த ஓட்டை." டியூப்பைத் தடவிப் பார்த்தார். "யாரு கட்டுனது?"

கூலிக்கு வரும் பெண்ணின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பட்டறையில் அவ்வளவு இறுக்கமாகக் கட்டுகிற கை என்னுடையது மட்டும்தான். அது அவருக்கும் தெரியும்.

"நான்தான்."

"எதுக்கு?"

என் கை இடுப்பில் செருகியிருந்த சாவிக்குப் போனது. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிப்போனது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது எனக்கு.

அன்று இன்ஜின் இருட்டும்வரை நிற்காமல் ஓடியது. பட்டு ஒரே சீராக வந்தது, முதலாளியும் போகவில்லை. மறுநாள் காலையில் சாவியை நீட்டினேன். "வேணாம் அண்ணி, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். இப்போது டீசல் ஊற்ற வேண்டுமென்றால் வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "அண்ணி, டேங்க்கு தொறக்கணும், வந்து நில்லுங்க." நீங்களே திறங்கள் தம்பி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் வந்து பக்கத்தில் நிற்கும்வரை அவர் மூடியைத் தொடுவதில்லை.