781-ஐத் தாண்ட ஆசைப்பட்ட ஒரு ஃபுல் டாங்க்

இன்று காலை கூக்கட்பல்லி டிராஃபிக்கில் என் கார் டிஸ்ப்ளே காட்டிய எண்: 9.

இன்னும் ஒன்பது கிலோமீட்டருக்குத்தான் பெட்ரோல் என்று அர்த்தம். போக வேண்டியது ஏழு கிலோமீட்டர். பின் சீட்டில் மகள், கையில் இன்ஜினியரிங் என்ட்ரன்ஸ் ஹால் டிக்கெட். ஒன்பது மணிக்கு கேட்டை மூடுவார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலும் அனுமதி இல்லை என்று அதிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ஏன் இந்த நிலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், திட்டாமல் கேளுங்கள்.

ராமச்சந்திராபுரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் நான்கு பேருக்கு ஒரே மாடல் கார். ஒரு ஃபுல் டாங்கில் யார் அதிக தூரம் ஓட்டுகிறார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் போட்டி. நடுவில் ஒரு சொட்டு போட்டாலும் ஆட்டம் காலி. முதல் மாடி ரெட்டி காரு (தெலுங்கில் 'காரு' மரியாதைக்கு, வண்டி இல்லை) வைத்திருக்கும் ரெக்கார்ட் 781 கிலோமீட்டர்.

இன்று காலை வண்டியை எடுக்கும்போது என் மீட்டர் 748.

டயரில் காற்று சரியாக இருக்கும். டிக்கியில் தேவையில்லாத சாமான் ஒன்றும் கிடையாது. சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தாலே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். ஏசி? (அப்படி ஒன்று காரில் இருப்பதே என் வீட்டில் பலருக்கு மறந்துபோய்விட்டது.)

பரீட்சை சென்டர் ஜீடிமெட்லா தாண்டி, வீட்டிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர். போய்விட்டுத் திரும்பும் வழியில் 781-ஐத் தாண்டி, போட்டோ எடுத்து, அப்புறம் பங்க். இதுதான் திட்டம்.

மியாப்பூரில் ஒரு பங்க் காலியாக இருந்தது. என் மனைவி கவிதா மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, கூட்டமே இல்லீங்க. போட்டுட்டுப் போயிரலாம்."

"முப்பத்தொண்ணு காட்டுது. பதினேழுதான் போகணும்."

"வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்ன ஆகப்போகுது?"

கூக்கட்பல்லியில் ஒரு லாரி அச்சு முறிந்து நடுரோட்டில் படுத்திருந்தது. அதுதான் ஆனது.

நாற்பது நிமிடம். நகர்ந்தால் இரண்டடி, நின்றால் ஐந்து நிமிடம். முப்பத்தொன்று இருபத்தாறாகி, பத்தொன்பதாகி, பதினான்கானது. வண்டி நிற்கும்போதெல்லாம் நான் இன்ஜினை அணைத்தேன். முன்னால் இடம் கிடைத்து, நான் மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் பக்கத்து லேன்காரன் மூக்கை நுழைத்துவிடுவான். அப்படி ஒன்றல்ல, ஏழெட்டு வண்டிகள் எங்களுக்கு முன்னால் போயின. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

மகள் தர்ஷினி ஹால் டிக்கெட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஃபார்முலா நோட்டை எப்போதோ மூடிவிட்டிருந்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லாரியைக் கடந்தபோது மணி 8:36. டிஸ்ப்ளேயில் 9. அடுத்த சிக்னலுக்குள் அந்த ஒன்பதும் போய் வெறும் மூன்று கோடுகள் வந்தன. கணக்குச் சொல்லக்கூட இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

பங்க் இருந்தது. டிவைடருக்கு அந்தப் பக்கம். யூ-டர்ன் எடுத்து வரப் பதினைந்து நிமிடம் ஆகும்.

நாற்பதைத் தாண்டாமல், காலை அசைக்காமல் ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் அப்படியே போனது.

"டாடி, ஸ்டாப் தி கார்."

"கொஞ்சம் பொறும்மா. போயிரலாம்."

"நோ. ஸ்டாப்."

நிறுத்தினேன். அவள் இறங்கி, ஓரமாக நின்ற ஆட்டோக்காரரிடம் ஓடினாள். என் மகளுக்கு வீட்டில் தமிழ் புரியும், வாயில் வராது. தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு.

"அன்னா, தொம்மிதிகி கேட் க்ளோஸ். எக்ஸாம் உந்தி." ஒன்பதுக்கு கேட் மூடிவிடுவார்கள், பரீட்சை இருக்கிறது என்கிறாள்.

"எக்கு பேட்டா," ஏறும்மா என்றார் அவர், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

கவிதாவும் இறங்கினாள். கதவைச் சாத்தும் முன் ஒரே ஒரு பார்வை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆட்டோ இரண்டு பஸ்களுக்கு நடுவில் புகுந்து காணாமல் போனது.

நான் தனியாக, நாற்பதைத் தாண்டாமல், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போனேன். இப்போது நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று ஒவ்வொரு விநாடியும் காதை இன்ஜினிலேயே வைத்திருந்தேன். ஸ்டியரிங்கே ஈரமாகிவிட்டது.

8:57-க்கு கவிதாவின் போன்.

"உள்ள போயிட்டா." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அதன்பின் நடந்ததுதான் என்னைத் தூங்கவிடப் போவதில்லை.

கார் நிற்கவில்லை. ஒரு இருமல்கூட இல்லாமல் சென்டர் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. என் கணக்கு கிலோமீட்டர் பிசகாமல் சரி. பெட்ரோல் போதுமானதாக இருந்தது.

மணி 9:04. கேட் மூடியிருந்தது. வெளியே ஒரு அப்பா செக்யூரிட்டியிடம் கைகூப்பிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் சொன்னதை என் மகள் கேட்டிருந்தால் அங்கே நின்றிருப்பது அவள்தான். நான் காரைவிட்டு இறங்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மீட்டர் 775. சும்மா நாலு தெரு சுற்றினால் ரெக்கார்ட் என்னுடையது.

கவிதாவை ஏற்றிக்கொண்டு நேராக அருகிலிருந்த பங்குக்குப் போய் ஃபுல் டாங்க் அடித்தேன்.

மதியம் பரீட்சை முடிந்து வந்தாள். ஏறியதும் முன்னால் எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் சீட் பெல்ட் போட்டாள்.

"எப்படிம்மா பண்ணுன?"

"பாகா ராசானு," என்றாள். நன்றாக எழுதியிருக்கிறாள். பிறகு, "ஏசி வெய்யி டாடி."

போட்டேன். நாலில்.

குரூப்பில் ரெட்டி காரு கேட்டிருக்கிறார், "சார், எந்த வச்சிந்தி?" எவ்வளவு வந்தது என்கிறார். அதை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். நாளைக்கு யாரையாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கிறதா? உங்கள் வண்டியில் இப்போது பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது?