தடுப்பூசி நாளில் கிடைத்த துணை

ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஏற்காட்டில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பிரசவ வலியில் இருந்த தாயைத் தனியே விட்டுவிட்டுச் சங்கப் போராட்டத்துக்குப் போனேன் என்பது குற்றச்சாட்டு. அது உறுதியானால் இங்கு மட்டுமல்ல, எங்கும் எனக்கு வேலை கிடைக்காது. என் ஊரான மஞ்சக்குட்டைக்குப் பஸ் ஏறி, வழியெல்லாம் அழுதேன்.

நடந்தது இதுதான். எங்கள் பிரசவப் பிரிவில் இரவில் ஒரே நர்ஸ். இருவருக்கு ஒரே நேரத்தில் வலி வந்தால் யாரிடம் ஓடுவது? இன்னொருவர் வேண்டும் என்று சங்கமாகக் கேட்டோம். பதில் இல்லை. ஆடி மாதத்தில் ஒருநாள் காலை ஒரு மணி நேரம் வாசலில் உட்கார முடிவானது. பிரசவ அறையில் இருப்பவர் மட்டும் வரக் கூடாது, கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்க்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. அன்று அங்கே இருந்தவள் நான். நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் செல்விக்கு அந்த நேரத்தில்தான் பெண் குழந்தை பிறந்தது. உதவிக்கு நின்ற பெண்ணோ, பிறகு பயந்துபோய், தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

சங்கத் தலைவி தங்கம், எங்கள் மருத்துவமனையில் ஆயாவாக இருப்பவர், வீட்டுக்கே வந்துவிட்டார்.

“கெளம்பு கண்ணு, அந்தச் செல்விய வந்து சொல்லச் சொல்லலாம்.”

“வேண்டாங்க்கா. அவ வேலை செய்யற எஸ்டேட் மொதலாளிதான் நம்ம ஆஸ்பத்திரியையும் நடத்தறாரு. அவ பொழப்பையும் கெடுக்கணுமா?”

“அப்ப சாமிகிட்டயே மனு குடு. அங்கதான் யாரும் சஸ்பெண்ட் பண்ண மாட்டாங்க.”

கேலியாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே போனேன். மலை உச்சியில் சேர்வராயன் சாமியின் குகைக் கோயிலுக்குள் குனிந்து நுழைந்து, “அப்பா, நான் சாட்சிக்கு யாரையும் கூப்பிட மாட்டேன். நீ பார்த்துக்கொள்” என்றேன்.

விசாரணையைப் புதன்கிழமை வைத்தார்கள். அன்று தடுப்பூசி நாள். ஊழியர்கள் யாரும் எனக்குத் துணையாக வர முடியாது என்று தெரிந்தே வைத்தார்கள். அலுவலகத்துக்கு வெளியே தனியாக நின்றேன்.

“ஏனுங்க சிஸ்டர், இங்க எதுக்கு நிக்கறீங்க?”

செல்வி! குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட, ஜீப்பில் நாகலூர்த் தாய்மார்களோடு வந்திருந்தாள். “ஒண்ணுமில்ல, நீ போய் ஊசி போட்டுக்கிட்டு வா” என்றேன். ஊசி வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த தங்கம் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

செல்வி குழந்தையோடு நேராக உள்ளே நுழைந்தாள்.

“சார், இவங்க என்னைய உட்டுட்டுப் போனாங்கன்னு யாருங்க சொன்னது? வலி தாங்காம இவங்க கையத்தான் கடிச்சுப் புடிச்சிருந்தேன். போறேன்னு சொல்லியிருந்தாலும் உட்டிருக்க மாட்டேனுங்க!”

“இதனால் உனக்குப் பிரச்சினை வரலாம், தெரியுமா?” என்றார் விசாரணை அதிகாரி.

“தெரியுமுங்க. எழுதிக்கோங்க.”

வாசலை அடைத்து நின்ற தாய்மார்கள், “எங்க பேரையும் எழுதுங்க சார், நாங்களும் இங்கதான் பெத்தோம்” என்றார்கள். அதிகாரி பேனாவை எடுத்தார். கண்ணீர் என் பார்வையை மறைத்தது.

அடுத்த வாரம் என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். செல்வியின் வேலையில் எஸ்டேட் கை வைத்தால் நாங்கள் எல்லோரும் அங்கே வந்து நிற்போம் என்று சங்கம் சொல்லி அனுப்பியது. யாரும் கை வைக்கவில்லை. தை மாதம் இரவுப் பணிக்கு இரண்டாவது நர்ஸும் வந்தார்.

முன்பெல்லாம் என் வீட்டுக்காக மட்டுமே கும்பிடுவேன். இப்போது பணிக்குப் போகுமுன், அன்று என் கைக்கு வரப்போகும் தாய்க்காகவும் கும்பிடுகிறேன். அன்பர்களே, கைவிடப்பட்டதாக நினைக்கும் நாளில் நீங்களும் அந்த அப்பனிடம் சொல்லுங்கள். யார் வழியாக வருவான் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

இரவில் இப்போது நாங்கள் இருவர். ஒருவர் குழந்தையை ஏந்த, மற்றவர் தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறோம்.