பம்புக்குள் கல் போட்டது யார்?

மரக்காணம் தொடங்கிப் புதுச்சேரி எல்லை வரைக்கும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வேலை என்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். உப்பு லாரியின் அடித்தட்டு, துருவேறிய தொட்டி, படகின் அடியில் ஒட்டிய சிப்பி, எதுவும் என் மெஷினுக்கு முன்னால் நிற்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன கோடையில் அந்த மெஷினின் பம்பு கடகடவென்று கத்த ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்த என்ஜினியர் தம்பி, உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்த உலோகத்தைக் காட்டி, "இது தண்ணி தின்னது சார்" என்றார். பம்பு இழுக்கிற வேகத்துக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால், சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழி விடுமாம். அந்தக் குமிழி இரும்பின்மேல் வந்து நொறுங்கும்போது, ஊசிமுனை அளவு தண்ணீர் உள்ளே பாய்ந்து குத்துமாம். ஒரு குத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓயாமல் குத்தினால் இரும்பும் தாங்காது. எனக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து அவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். "புரிஞ்சிடிச்சி தம்பி, நிறுத்து" என்றேன். அவர் வருஷக்கணக்கில் படித்ததை நான் டீ ஆறுவதற்குள் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த டீயைக் குடிக்கத்தான் மறந்துபோனேன். எங்கள் உப்பளத்துப் பம்பு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். அப்பா குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்தார். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்திகளுக்கு ஏற்ற ஒரு டீசல் என்ஜினும் பம்பும் உண்டு. அதை ஓட்டியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்ததே அவர் ஒருவர்தான்.

அந்த வருஷம் கழித் தண்ணீரோடு பாசியும் இறால் குஞ்சுமாக ஏறி வந்தது. அப்பா அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, குழாயின் அடிமுனையில் தண்ணீருக்குள் இருக்கும் சல்லடைக் கூடையைச் சுற்றி ஒரு பாதியைக் கட்டினார். பாசி நின்றது. தன் மூளையை நினைத்து அப்பாவுக்கே ஆச்சரியம். ஆனால் கொஞ்ச நாளில் பம்புக்குள் சரளைக்கல் உருளுகிற சத்தம் கேட்டது. தண்ணீரும் மெலிந்துவிட்டது. திறந்து பார்த்தால் ஒரு கல் கூட இல்லை. உள்ளே சுற்றுகிற சக்கரம் மட்டும் கறையான் தின்ற பலகை மாதிரி அரித்துக் கிடந்தது.

புதுச் சக்கரம் மாட்டியும் அதே சத்தம். யாரோ கல் போடுகிறார்கள் என்று அப்பா முடிவு கட்டினார். பம்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க இருப்பது ஒரே ஆள். அந்த ஆள் ஒருமுறை, லாரி ஓட்டப் போகலாமா என்று வாய்விட்டுக் கேட்டும் இருந்தார்.

"கல்லு எங்கடா?" என்று அப்பா மாமாவை மடக்கினார்.

"கல்லே இல்ல மாமா." அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"இல்லன்னா சத்தம் எப்படி வருது? உங்கப்பன் வந்து உள்ள சோழி உருட்டறானா?"

"துணிய அவுத்துடுங்க மாமா. சேறு அடைச்சிக்கிச்சி. பம்பு தண்ணி இழுக்க முடியாம தவிக்கிது."

"ஓகோ! அவுத்துட்டா கல்லு போட வசதியா இருக்கும், இல்ல?"

கிழித்த சேலையின் மறுபாதியையும் அப்பா மேலே சுற்றினார். தண்ணீர் பற்றவில்லை என்று என்ஜினின் வேகத்தையும் கூட்டினார். கல் முன்னைவிட மும்முரமாக உருண்டது. நான் ஒரு தகர டப்பாவோடு வாய்க்கால் முனையில் உட்கார்ந்திருந்தேன். கல் வெளியே வந்து விழுந்தால் நான்தான் பிடித்துக் காட்ட வேண்டும் என்று. ஒன்றும் வரவில்லை. பாத்திகள் காய்ந்து வெடிக்கத் தொடங்கின.

"நாளைக்கு மொத பஸ்ஸுல கெளம்பிடு. இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று அப்பா மாமாவிடம் சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான். அந்தக் குணம் எனக்கும் உண்டு.

அன்று சாயங்காலம் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துணிய அவுத்தா சத்தம் நிக்குமாடா?"

"நிக்கும்க்கா. நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு."

"சரி, நீ சாப்புடு" என்று இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

காலையில் மாமா தோளில் பையோடு என்ஜின் கொட்டகையில் நின்றார், சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியை ஒப்படைப்பதற்காக. அம்மா வரப்பு வழியாக வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"போறவன் போறான். அவன் பொங்கலுக்குச் சீர் வெச்ச சேலையாவது எனக்கு மிஞ்சட்டும். அந்தக் கூடையில கட்டிக் கெடக்குதே, அத அவுத்துக் குடுத்துடுங்க."

அப்பாவின் முகம் மாறியது. "என்னாது, இவன் குடுத்த சேலையா அது? அதான் என் பம்பு இந்தப் பாடு படுதா!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழிக்குள் இறங்கினார். சேறு அப்பிய சேலையைக் கத்தியால் அறுத்துக் கரையில் வீசினார்.

"டேய், போறதுக்கு முன்ன ஒரு தடவ ஓட்டிக் காட்டிட்டுப் போ!"

மாமா கைப்பிடியைச் சுற்றினார். என்ஜின் பிடித்தது. பம்பு சத்தமில்லாமல் ஓடியது. குழாய் வாய் நிறையத் தண்ணீர் தொடைப் பருமனுக்கு வந்து வாய்க்காலில் விழுந்தது. மாமா இரண்டு கையையும் அப்பா பார்க்கும்படி மார்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். அப்பா பம்பின்மேல் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"ஆளு மேல தப்பில்ல. சேலைக்குத்தான் ராசியில்ல. பைய உள்ள வைடா."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு பையை இறக்கினார். அம்மா சேற்றுச் சேலையை அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள். அதன் கரையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"ஏம்மா, இது அப்பா சந்தையில வாங்கியாந்த சேலையாச்சே? நானும் கூடப் போனேனே?"

அம்மா சட்டென்று மடியிலிருந்து வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "அப்பாவுக்கும் ஒண்ணு குடும்மா" என்றேன்.

கொடுத்தாள். அப்பாவும் வாயில் போட்டுக்கொண்டார்.