இரண்டாவது முடிச்சு

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்பேன். கடைசியா எப்ப சாப்பிட்ட? ஆடுற பல்லு ஏதாவது இருக்கா? குடிப்பியா? முதல் கேள்விக்குப் பாதி உண்மை வரும். இரண்டாவதற்கு வாயைத் திறக்கச் சொல்லி நானே பார்த்துக்கொள்வேன். மூன்றாவதற்கு வரும் பதிலைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதை அடுத்தவருக்குத்தான் சொல்வார்கள்.

இந்த மூன்று கேள்விகளோடு பதினெட்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஆஸ்பத்திரி கிடையாது, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. போன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு காரில் கிளம்புவேன். காலையில் சின்னசேலத்தில் ஒரு சிசேரியன் என்றால், சாயங்காலம் உளுந்தூர்பேட்டையில் லாரியில் அடிபட்ட ஒருவர் காத்திருப்பார். ஆபரேஷன் செய்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். தூங்க வைத்து எழுப்பியவளை யாருக்கும் அடையாளம் தெரியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

குடிப்பதைப் பற்றிக் கேட்பது ஒழுக்கம் விசாரிக்க அல்ல. தினமும் குடிக்கிறவர்களுக்கு வழக்கமான அளவு மருந்து போதாது, கொஞ்சம் தூக்கலாகப் போக வேண்டும். அதோடு, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சரக்கு கிடைக்காமல் கை நடுங்கும், கண்டதையும் பேசுவார்கள், மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கி எறிவார்கள். முன்பெல்லாம் "எப்பவாச்சும் மேடம்" என்றாவது சொல்வார்கள். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து வீட்டுக்கு வீடு சாவு விழுந்த பிறகு அந்த "எப்பவாச்சும்" கூட நின்றுபோனது. கேட்டால் போலீஸ்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் மத்தியானம்தான் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து அவசரமாக அழைத்தார்கள். நோயாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மக்காச்சோள மூட்டை தூக்குகிறவர். குடலில் ஓட்டை விழுந்து வயிறு பலகையாக இறுகியிருந்தது. இரண்டு நாளாக வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். நாக்கு வறண்டு, கண் உள்ளே போய்விட்டது. மனைவி தலைமாட்டில் நின்று அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, குடிப்பியா?"

"வுட்டுட்டேங்க மேடம். ஏழு மாசம் ஆவுது."

"ஆமாங்க டாக்டரம்மா, ஒரு சொட்டு தொடல" என்றார் மனைவி.

அவர் வலது கையை லேசாகத் தூக்கி என்னிடம் எதையோ காட்டினார். வலியில் கையை ஆட்டுகிறார் என்று நினைத்தேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தாளில் 'குடிப்பழக்கம் உண்டு' என்று எழுதினேன். அவர்கள் கண்முன்னேதான் எழுதினேன், ஆங்கிலத்தில்.

தியேட்டருக்குள் குடிகாரருக்கான அளவில் மருந்தை ஏற்றினேன். வற்றிப்போன அந்த உடம்புக்கு அது அதிகம். கண் மூடியது, தொண்டைக்குள் குழாயை இறக்கினேன், அடுத்த நிமிஷமே பி.பி. சரசரவென்று இறங்கியது. இடது கையில் டிரிப்ஸ் போட்ட இடம் வீங்கி, மருந்து உள்ளே போக மறுத்தது. இன்னொரு நரம்பு உடனே வேண்டும். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், நல்ல நரம்பு ஒன்று தெரிந்தது. அதன் மேல் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது. தள்ளிப் பார்க்க நேரமில்லை, கத்தரிக்கோலை வாங்கி ஒரே வெட்டு. ஊசி ஏறியது, மருந்து போனது, ஐந்து நிமிஷத்தில் பி.பி. மேலே வந்தது. அதன் பிறகுதான் சர்ஜன் கத்தியை எடுத்தார்.

கயிறு அறுப்பது எங்களுக்குப் புதிதல்ல. வயிற்று ஆபரேஷன் என்றால் அரைஞாண் கயிற்றை அறுத்துத்தான் ஆக வேண்டும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கும் நர்ஸ் அரைஞாணையும் கைக்கயிற்றையும் ஒரு பஞ்சுத் துணியில் சுற்றி வெளியே கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு மணி நேரம் ஆனது. குழாயை எடுத்துவிட்டு, மூச்சு சீராக இருப்பதைப் பார்த்து, அவரைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல வெளியே வந்தேன். அந்த அம்மா நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. உள்ளங்கையில் விரித்த பஞ்சுத் துணியை என் முன்னால் நீட்டினார்.

"கயித்த அறுத்துட்டீங்களா டாக்டரம்மா?"

"உயிருக்கு ஆபத்தா இருந்துச்சும்மா. நரம்பு கிடைக்கல."

"மலைக்குப் போயி கட்டிக்கினு வந்ததுங்க. அம்மன் கோயில்ல பூசாரி கட்டுனது. ஒரு வருசம் குடிக்க மாட்டேன்னு வாக்கு. நடுவுல அறுந்துச்சுன்னா வாக்கு வுட்டுப்போச்சுன்னு அர்த்தங்க."

கல்வராயன் மலையைத்தான் சொன்னார். சாராயம் அங்கிருந்துதான் இறங்குகிறது என்று ஊரே பேசும். குடியை விடுவதற்குக் கயிறு கட்டவும் அங்கேதான் ஏறுகிறார்கள்.

"மறுபடி போய்க் கட்டிக்கலாமேம்மா."

"அவரா மனசு வந்து ஏறணுங்க. இந்த ஒரு தபா இட்டுக்கினு போவறதுக்கே ரெண்டு வருசம் கெஞ்சிக்கினு இருந்தேன். கூட மூட்டை தூக்குனவரு அந்தச் சாராயத்துல செத்தாரு, அந்தப் பயத்துலதான் வந்தாரு. இப்ப அந்தப் பயமும் கம்மியாயிடுச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனம் எழுந்ததும் மொதல்ல அந்தக் கையத்தான் பாப்பாரு. முழிக்கறதுக்குள்ள நீங்களே கட்டிடுங்க. பொண்டாட்டி கட்டுனா செல்லாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. நேரம் பத்தலன்னா இன்னும் கொஞ்சம் மயக்கம் குடுங்க."

என் தொழிலில் எனக்கென்று ஒரு நேர்மை உண்டு. தூங்குகிறவருக்குச் செய்ததை எழுந்த பிறகு மறைக்க மாட்டேன். பல் ஆடிப்போனால் சொல்லிவிடுவேன், உதடு கிழிந்தால் சொல்லிவிடுவேன். ஒருவர் என்னை நம்பித் தன்னையே என்னிடம் விட்டுவிட்டுப் போகும் நேரம் அது. அதில் பொய் கலந்தால் பிறகு எனக்கு என்ன மிச்சம்? "மயக்கமெல்லாம் கூடக் குடுக்க முடியாதும்மா" என்று கடுமையாகவே சொன்னேன். சொல்லிவிட்டு அந்தத் துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். எதற்கு வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவருடைய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. உதடு எதையோ முணுமுணுத்தது. இன்னும் இரண்டு மூன்று நிமிஷம்தான். கயிற்றைக் கையில் எடுத்தேன். வியர்வையும் மூட்டைத் தூசியும் ஏறிப் பாதி கறுத்திருந்தது. ஏழு மாதம் கையில் கிடந்த கயிறு அப்படித்தான் இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயக்கம் கொடுக்கும் முன் அவர் கையைத் தூக்கிக் காட்டியது இதைத்தான். நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நம்பியிருப்பேனா என்று தெரியவில்லை.

நம்பியிருந்தால் மருந்தைக் குறைத்திருப்பேன். மருந்து குறைந்திருந்தால் கயிறு தப்பித்திருக்கும்.

குனிந்து, வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சுக்கான கயிறு அதிலேயே போய்விட்டதால் வளையம் சின்னதாகி மணிக்கட்டை ஒட்டிப் பிடித்தது. பூசாரியின் முடிச்சு உள்பக்கம் இருந்தது. என்னுடையதையும் அந்தப் பக்கமே திருப்பி வைத்தேன். நர்ஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சிறிது நேரத்தில் நோயாளி கண்ணைத் திறந்தார், வலது கையைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வெளியே போய், "பார்த்துட்டாரும்மா, ஒண்ணும் சொல்லல" என்றேன். அந்த அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அடுத்த மூன்று நாளும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான் போனேன். இரண்டாம் நாள் நடுங்கவில்லை. மூன்றாம் நாள் டம்ளரைப் பிடித்துத் தண்ணீரால் வாயை நனைத்துக்கொண்டிருந்தார், ஒரு துளி சிந்தவில்லை. அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நோயாளியின் தாளை வாங்கி, நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஏழு மாதமாக இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

தையல் பிரிக்க வந்த அன்று வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். மனைவி மருந்து வாங்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், உட்காரச் சொன்னேன்.

"நீங்கதான கட்டுனீங்க?" என்றார்.

நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன்.

"பூசாரி ஒரு முடிச்சுதாங்க போட்டாரு. அதுவுமில்லாம மூட்டை தூக்கறப்ப இது கொஞ்சம் மேல ஏறி எறங்கும். இப்ப அசைய மாட்டுது."

"உங்ககிட்ட சொல்லியிருக்கணும். தப்புதாங்க" என்றேன். அவரை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. "நீங்க குடிக்கலைன்னு சொன்னதையும் நான் நம்பல."

"யாருதாங்க நம்புறாங்க. அவளே கயித்தத்தான நம்புறா." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். "அறுந்துதுன்னு தெரிஞ்சப்ப மொத நெனப்பு இன்னா வந்துச்சுன்னா, சரி, வாக்கு வுட்டுதுடா நம்மளன்னுதான். பொய் சொல்லக்கூடாது. அப்பறம் அவ வந்து பக்கத்துல குந்திக்கினு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு, கயித்தையே பாத்துக்கினு இருந்தா. நானும் தெரியாத மாரியே இருந்துட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்க." கயிற்றை விரலால் தடவினார். "அறுந்தது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாங்க மேடம்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அந்த அம்மா மருந்துப் பையோடு படியேறி வந்தார். வந்ததும் அவர் பார்வை கணவரின் மணிக்கட்டுக்குத்தான் போனது. கணவர் அந்தக் கையையே நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்.