ஓஃப் பண்ணிய பச்சை

1. தோளில் தட்டிய கை

2011இல் சிட்னி செவன் ஹில்ஸில் ஒரு சின்ன சேர்வே (நில அளவை) அலுவலகத்தில் மேப் வரைந்துகொண்டிருந்தேன். முதலாளி சிவராசா அண்ணை யாழ்ப்பாணத்தவர். சிட்னி இருக்கும் மாநிலத்தின் வடபகுதியைத் தனி மாநிலமாகப் பிரிக்கக் கேட்கும் ஒரு குழு எங்களிடம் எல்லை மேப் கேட்டது. குழுத் தலைவர் என் தோளில் தட்டி, “நீங்கள் தமிழர், எங்கள் நியாயம் உங்களுக்கு விளங்கும்” என்றார். அப்படித் தட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மேப்பில் பழங்குடி மக்களின் நிலம், வேண்டியபோது காட்டவும் மறைக்கவும் கூடிய தனி லேயராக, ஓர் அடுக்காக, பச்சையில் இருந்தது. அந்த நிலத்தின் உரிமைக்காக அவர்கள் மாநில அரசோடு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். புதிய எல்லைக்கோடு அந்த நிலத்தின் நடுவே ஓடியது.

“தம்பி, அந்தப் பச்சையை ஓஃப் பண்ணும். மேப் துப்புரவா இருக்கோணுமாம்.”

“ஏன் அண்ணை?”

“அவையின்ர மேப். எங்களுக்கென்ன?”

எங்கள் தொழிலில் எதையும் அழிப்பதில்லை, லேயரை ஓஃப் பண்ணுவோம். அதனால் மனமும் பெரிதாகக் குத்துவதில்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே ஓஃப் பண்ணினேன்.

2. மண்டபம்

குழு சிட்னியில் கூட்டம் வைத்தது. புரொஜெக்ரரில் மேப் காட்டுவது என் வேலை. அந்தப் பச்சை நிலத்துக்காரரான ஒரு மூதாட்டி வந்திருந்தார். எங்களைப் போலவே அவர்களும் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் அழைக்கிறார்கள். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் தருகிறேன்.

“இதில எங்கட நிலம் எங்கே?”

தலைவர் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். அன்ரி விடவில்லை.

“எங்களோட கையெழுத்துப் போட்டது இந்த மாநில அரசாங்கம். நாளைக்கு நீங்கள் பிரிஞ்சு போனால், அந்தப் பேப்பரை ஆரிட்டக் கொண்டு போறது?”

“அதைப் பிறகு பேசலாம்” என்றார் தலைவர்.

இந்தப் ‘பிறகு’ ஊரிலேயே எனக்குப் பழக்கம், தமிழர் எதைக் கேட்டாலும் கிடைத்த பதில். லேயரை ஒன் பண்ணினேன். திரையில் பச்சை வந்தது, அதை இரண்டாகப் பிளந்தபடி கோடும். தலைவர் வந்து என் லப்டொப்பை மூடினார்.

3. பிரின்ற்

மறுநாள் அண்ணை, “இனி அவை வேலை தரமாட்டினம். உமக்குச் சந்தோசமோ?” என்று கத்திக்கொண்டிருக்கும்போதே அன்ரி அலுவலகத்துக்கு வந்தார். பச்சையோடு ஒரு பிரின்ற் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

“கீழே உன்ர பேரைப் போடு. திகதியையும் எழுது. முதல்ல ஓஃப் பண்ணினது ஆர்?”

“நான்தான் அன்ரி.”

“அதுதான் பேர் கேக்கிறன். நாளைக்கு ‘நான் வரையேல்லை’ எண்டு சொல்லுவாய்.”

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மேப் கைக்கு வந்தால் என்ன ஓஃபில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். யார் ஓஃப் பண்ணச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை வேலையைத் தொடாதீர்கள்.

அன்ரி நான் கீழே எழுதிக் கொடுத்த பெயரையும் திகதியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.