மார்கழியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகள்

சில நாளாக விடாத மழை. ஜோகூர் பாருவை ஒட்டிய மாசாயில், அடுக்குமாடியில் இருக்கும் என் மகன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நாற்காலி முதுகு, கதவு, மின்விசிறிக்கு அடியில் என்று எங்கே பார்த்தாலும் ஈரத் துணி. அந்தப் புழுங்கின வாடைக்கு மருமகள் மூக்கைச் சுளிக்கிறாள். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் ஜோகூர் பாருவில் சலவைத் தொழில் நடத்திய காலம் ஒன்று உண்டு. ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்தி. தொழில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை, துவைக்கிற கல், வெள்ளாவிப் பானை, பின்னால் கடல் தெரிகிற வெட்டவெளியில் கொடிகள், அவ்வளவுதான். நான் லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். கல்யாணம்தான் என்னைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தது. விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓட வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய சொத்தாக இருந்தது.

பட்டணத்தில் வருஷம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை என்று புதிதாக வந்தவர்கள் சொல்வார்கள். துணி உலர்த்திப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். மாசியில் வடக்கேயிருந்து காற்று வீசும். கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் துணி அப்பளமாகிவிடும். சித்திரை, வைகாசியில் காலை வெயில் மண்டையைப் பிளக்கும். அதை நம்பினால் போச்சு, பொழுது சாயுமுன் இடியோடு கொட்டும். மத்தியானச் சோற்றுக்கு முன்பே கொடியைக் காலி செய்துவிட வேண்டும். ஆனி, ஆடியில் வேறு விளையாட்டு. விடிகிற நேரத்தில் மேற்கேயிருந்து கறுப்பாக மேகம் சுருட்டிக்கொண்டு வரும். சுமத்ராக் காற்று என்போம். ஒருமுறை யாரோ ஒரு துரையின் கால்சட்டை பறந்துபோய் மீன்காரர் படகில் உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி பிறந்தால் மழை அடுப்படிவரை வந்து குடித்தனம் பண்ணும். தை முடிகிறவரை வானத்தை நம்பக்கூடாது.

இதெல்லாம் இங்கேயே பிறந்த எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் கப்பலேறி வந்தவர். டிரங்குப் பெட்டியில் வேட்டி சட்டையோடு ஊர் மாதங்களையும் மடித்து எடுத்துவந்துவிட்டார். மார்கழியில் நடக்கவிருந்த ஒரு விழாவுக்காக, பேண்டு வாத்தியக்காரர்களின் வெள்ளைச் சீருடைகளைச் சலவை செய்யும் வேலை எங்களைத் தேடி வந்தது. மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டார்.

"மார்கழியில எங்க புள்ள மழை? பனிதான் எறங்கும்."

"அது ஒங்க ஊர்லங்க. இங்க எறங்குறதெல்லாம் தண்ணிதான்."

நான் சொன்னதே நடந்தது. விழா நெருங்க நெருங்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. துவைத்த சீருடைகள் பிழிந்தபடியே குவிந்து கிடந்தன. கொட்டகைக்குள் கயிறு கட்டிக் கரியடுப்பு மூட்டினோம். துணி காயவில்லை, புகைதான் பிடித்தது. மறுபடி துவைத்தோம். சொன்ன நாளில் கொடுத்தால் அந்தப் பேண்டின் சலவை வருஷம் முழுக்க எங்களுக்கு. கொடுக்காவிட்டால் பட்டணத்தில் எந்த வீட்டிலும் எங்களை நம்பித் துணி போடமாட்டார்கள். அப்புறம் ரயிலேறி லாபிஸ்தான், பெரட்டுதான்.

வீட்டுக்காரர் மூலையில் குந்திக்கொண்டு, "பேசாம தோட்டத்துக்கே போயிடலாம் புள்ள," என்றார். எனக்கு வந்ததே கோபம்! "நீங்க போங்க. நான் வரல," என்றேன். சொல்லிவிட்டு, பிழிந்த சட்டையையே மறுபடி எடுத்துப் பிழிந்தேன்.

அப்போது பார்த்து என் அண்ணன் வந்தார். கடலோரத்து அன்னாசி ஆலையில் கொதிகலனுக்கு விறகு போடும் வேலை அவருக்கு. ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அப்பாடா, இங்கயாச்சும் குளுகுளுன்னு இருக்கு. ஆலையில அனல் தாங்கல லா."

நான் அவரையே பார்த்தேன். "அண்ணே, அந்த அனலை எனக்குக் கொஞ்சம் குடுங்க."

ஆலையில் மரப்பெட்டிகள் அடுக்குகிற ஓர் அறை உண்டு. கொதிகலனிலிருந்து போகும் நீராவிக் குழாய் அதன் வழியாகத்தான் ஓடும். ஆலை முதலாளியான சீனத் தவுக்கே முதலில் முடியவே முடியாது என்றார். அவருடைய சட்டைகளையும் சும்மா தேய்த்துத் தருகிறேன் என்றதும் இறங்கி வந்தார். என் மலாய் அப்போது கேட்கச் சகிக்காது. ஆனால் காரியம் முடிந்தது.

கஞ்சி போட்ட சீருடைகளைக் கித்தானில் சுற்றி ரிக்‌ஷாவில் கொண்டுபோனோம். குழாய் ஓரமாகக் கயிறு கட்டி மாட்டினோம். கரி பறந்து வந்து படியாமல் அண்ணன் கதவைச் சாத்திவைத்தார். அன்னாசி சீவிக்கொண்டிருந்த சீனப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அத்தனையும் மொடமொடவென்று காய்ந்துவிட்டன. கண்ணைப் பறிக்கிற வெள்ளை. ஒரே ஒரு குறை, துணி முழுக்க அன்னாசி வாசம். தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டபோது அது இன்னும் கூடித்தான் போனது.

சீருடைகளை வாங்க வந்த மலாய்க்காரர் ஒரு சட்டையை முகர்ந்து பார்த்தார். "அலமாக்! நானாஸ்!" என்றார். அடடே, அன்னாசி என்று அர்த்தம். வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். நல்ல நாள் ஆயிற்றே, பழவாசம் இருக்கட்டும் என்றுதான் போட்டோம் என்று என் ஓட்டை மலாயில் அடித்துவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே எடுத்துக்கொண்டு போனார்.

விழாவைப் பார்க்க நாங்களும் போனோம். திடலில் பேண்டு வரிசையாக நின்றது. எத்தனையோ பேர் அங்கே பாட்டுக் கேட்க வந்திருந்தார்கள். நான் சட்டை பார்க்க வந்தவள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! முதல் பாட்டு முடியுமுன் மழை பிடித்துக்கொண்டது. வாத்தியக்காரர்களில் ஒருவர்கூட அசையவில்லை. நாங்கள் உயிரைக் கொடுத்துத் தேய்த்த மடிப்பெல்லாம் கண்முன்னே தளர்ந்து தொங்கியது. பாவம், மனிதர் உடைந்துபோவாரே என்று வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நனையட்டும் புள்ள. நாளைக்கு நம்மகிட்டதான வரும்."

வந்தது. அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக வந்துகொண்டிருந்தது. லாபிசுக்கு நாங்கள் விருந்தாளிகளாக மட்டும்தான் போனோம்.

இப்போது அந்த ஆலை இல்லை. கடலோரத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அண்ணன் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். பட்டணத்தில் மழையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இல்லை. ரொம்ப முடியாமல் போனால் கடைக்குக் கொண்டுபோகிறார்கள், துணியை இயந்திரம் காயவைத்துக் கொடுக்கிறது. அந்தப் பயம் ஒழிந்தது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மார்கழி மழையோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் என்று மார்தட்டிக்கொள்ள இனி யாரும் வரப்போவதில்லை. கடைசி ஆள் நான்தான்.